தை வெள்ளி, நாலரை மணி

"பட்டனை அமுக்கினா நம்ம லண்டன் கடையோட வெப்சைட் திறந்துடும் அண்ணாச்சி" என்றான் அதை வடிவமைத்த ஸ்ரீவத்சன்.

"ராகுகாலம் போகட்டும் தம்பி" என்றார் தி.நகர் ஜவுளிக்கடை அய்யாதுரை.

அது போனதும் இன்டர்நெட் லைன் கிடைக்கவில்லை. லைன் கிடைத்தபோது எமகண்டம்.

ஸ்ரீவத்சனுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. "லண்டன்ல எவன் அண்ணாச்சி இதெல்லாம் பாக்கறான்?"

"நாம பாக்கணும்லா."

நாலரைக்குக் கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, அய்யாதுரையே பட்டனை அமுக்கினார்.

சற்று நேரத்தில் லண்டனிலிருந்து முதல் ஈமெயில் வந்தது. ஸ்ரீவத்சன் உரக்கப் படித்தான்.

"மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்கலாம்னு காத்திருந்தேன். இங்கே இப்போ காலை பதினோரு மணி. வெள்ளிக்கிழமை ராகுகாலத்திலயா கடையைத் திறப்பீங்க?"