பிணைக்காரி

கெலிஓயா வங்கிக் கண்ணாடியில் மழை வழிகிறது. தையல்காரி புஷ்பலீலா ஈரக் குடையைக் காலடியில் வைத்து, கதிரையில் சாயாமல் உட்கார்ந்திருக்கிறாள். தோடு விற்ற காதுகளில் ஈர்க்குத் துண்டுகள். தோடு விற்ற பணத்தை இங்கேயே வைப்பிலிட்டு, அதை ஈடு காட்டி ஒரு சிறுகடன் கேட்கிறாள். அதிகாரி துஷ்யந்தி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க பேர்ல கடனே எடுத்ததில்ல. யாருக்கோ பிணை நின்னு, அவங்க கட்டாம விட்டது மட்டுந்தான் பதிவாகியிருக்கு. சொந்தக் காசு இருக்கே, அதுக்கு எதுக்குக்கா வட்டி கட்டுறீங்க?" வெளியே கண்டி பஸ் ஹோர்ன் அடிக்கிறது. "அடுத்த தடவ தைக்கிற மெசினுக்குக் கேட்டு வருவேன் மிஸ். அப்ப நான் ஒழுங்காக் கட்டுனதும் அந்தப் பதிவுல தெரியணும். தோட்டத்து லயத்துல எல்லாருக்கும் பிணை நின்னேன். இப்ப எனக்கு நானே நிக்கிறேன்." துஷ்யந்தி நீட்டுவதற்குள், கையெழுத்துப் போட, நூலில் கட்டியிருக்கும் பேனாவைப் புஷ்பலீலா தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள்.