காசாளர் மேசைச் செடி

"யாருமே படிக்காத அறிக்கையை எத்தனை நாள்தான் எழுதறது? வேலையை விட்டுடப் போறேன்!" எழுத்தர் பேனாவை வீசினார்.

அடுத்த இருக்கைக் காசாளருக்கு அலுவலகத்தில் 'சாமியார்' என்றுதான் பெயர். தன் மேசைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடியே ஆரம்பித்தார்.

"இதோ பாரு தம்பி. வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து தினமும் ஊத்தறேன். ஒரு மொட்டு விட்டிருக்கா? நான் கோவிச்சுக்கிட்டேனா? கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதே!"

எழுத்தருக்குச் சுருக்கென்றது. பேனாவைத் தேடி எடுத்தார்.

அடுத்த வாரம் காசாளர் விடுப்பில் போனார். "செடி பத்திரம்ப்பா" என்று எழுத்தரிடம் ஆயிரம் தடவை சொல்லிவிட்டுத்தான் போனார்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே சிலையாக நின்றுவிட்டார். செடியில் சிவப்பாக ஒரு பூ!

"பூத்துடுச்சுப்பா! என் செடி பூத்துடுச்சு!" தொட்டியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக ஓடினார்.

"பலனை எதிர்பார்க்கக் கூடாதுன்னீங்களே அண்ணே?" என்றார் எழுத்தர்.

"யாரு தம்பி எதிர்பார்த்தா? அதுவா வந்துச்சு!" காசாளரின் கண் கலங்கிவிட்டது.

எழுத்தர் குனிந்து அறிக்கையைத் தொடர்ந்தார். அந்தப் பிளாஸ்டிக் செடிக்குப் பொருத்தமாக ஒரு பிளாஸ்டிக் பூ தேடி, காசாளர் இல்லாத அந்த வாரம் முழுக்க அவர் ஏறி இறங்காத கடையில்லை.