கம்ப்யூட்டருக்கும் பாடு

"எங்க தலைவரு பண்றது அக்கிரமம் சார். நீங்களே வந்து பாருங்க."

படகிலிருந்து இறங்கிய சங்கரநாராயணனின் கால் மணலில் படுவதற்குள் செல்லம்மா ஆரம்பித்துவிட்டாள். எண்ணூர் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அந்தக் குப்பத்துக்குப் படகை விட்டால் வேறு வழி கிடையாது. அங்கே கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் கொண்டுவந்து வைத்த அறக்கட்டளையின் அதிகாரி அவர். 2006-ல் அது பெரிய விஷயம்.

"விவரமா சொல்லுங்கம்மா."

"ஆத்துல எப்டியோ அப்டித்தான் சார் இங்கயும். சீட்டு குலுக்கிப் பாடு பிரிச்சுகினோம்."

பாடு என்றால், யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விடுவது என்று குப்பத்தார் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும் முறை. ஒருத்தர் பாடு நாளில் இன்னொருத்தர் கை வைக்க முடியாது. அதையே கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். அடிதடி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

"தலைவருக்கு மவுஸைத் தொடக்கூடத் தெரியாது சார். ஆனா அவரு பாடு வந்தா கதவைச் சாத்திகினு உள்ளயே குந்திகினு கீறாரு. மஸ்கட்ல எம் பொண்ணு புள்ள பெத்துகீறா. பேரன் மூஞ்சியைப் பாக்கணும், எம் பாடு மட்டும் பத்தல, உங்க பாட்டையும் குடுங்கன்னு கேட்டேன். முடியாதுன்ட்டாரு."

அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "வெளியாளுங்க யாராவது வர்றாங்களா? குப்பத்து ரேஷன் கார்டுல பேர் இருக்கிறவங்கதான் உட்காரலாம். மீறினா கம்ப்யூட்டரைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவோம். அது மேலிடத்து உத்தரவு."

எல்லாருக்கும் இன்டர்நெட் என்று மேடை போட்டுப் பேசியதும் அதே மேலிடம்தான்.

இருவரும் போய்க் கதவைத் தட்டினார்கள். தலைவர் தாமோதரன் திறந்தார்.

உள்ளே ஈரச் சேலையோடு ராஜாத்தி உட்கார்ந்திருந்தாள். ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் வீட்டுப் பெண். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறி காலடியில் கிடந்தது. இருளர்களுக்கு ஆற்றில் பாடும் கிடையாது, குப்பத்துக் கார்டும் கிடையாது.

கம்ப்யூட்டர் திரையில் வெள்ளைச் சீருடையில் ஒரு பெண்.

தாமோதரன் செல்லம்மாவின் காதோரம் குனிந்தார். "அது இவ பொண்ணு மாயா. மதுரையில நர்ஸு படிக்குது. ஆஸ்டல்ல இருக்க முடியலன்னு ரெண்டு தபா ஓடியாந்துச்சு. ஆத்தா மூஞ்சியைப் பாத்துப் பேசினாத்தான் அங்க தங்குது. அவங்க ஆளுங்கள்ல இம்மாந்தூரம் படிச்சது இது ஒண்ணுதாம்மா."

ராஜாத்தி அதிகாரியைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். பறியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா ஆச்சு? யாரு வந்துகீறாங்க?" என்றது ஸ்பீக்கரில் மாயாவின் குரல். "நான் கெளம்பி வந்துடவா?"

"தலைவரே, இவங்க யாரு? குப்பத்து ஆளா?" என்றார் சங்கரநாராயணன்.

பாடு விஷயத்தில் தலைவர் பொய் சொல்லக் கூடாது என்பது குப்பத்துக் கட்டுப்பாடு. உண்மையைச் சொன்னால் கம்ப்யூட்டர் படகேறிவிடும். தாமோதரன் தவித்த தவிப்பைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அதிகாரி செல்லம்மா பக்கம் திரும்பினார். "புகார் சொன்னது நீங்கதானே? நீங்களே சொல்லுங்கம்மா. யாரு இவங்க?"

செல்லம்மா திரையில் இருந்த பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ராஜாத்தியின் தோளை அழுத்தி, மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"எந்தங்கச்சி சார். கார்டுல பேரு உட்டுப்போச்சு. அடுத்த பாடு என்னுது. அப்பவும் இதுதான் குந்தும்."