கொஞ்சம் வேகமாத்தான்

“தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டானா?” என்றார் மாஸ்டர்.

தலையில் கட்டு, கழுத்தைச் சுற்றிப் பட்டை. ஆனாலும் குரல் கணீரென்று இருந்தது. துக்கம் கேட்க வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து தலையாட்டினார்கள். அவர்களில் பாதிப் பேர் அவரிடம் கார் ஓட்டக் கற்றவர்கள். அவர் பேசினால் தலையாட்டிப் பழகியவர்கள்.

அவருக்கு ‘செகண்ட் கியர் மாஸ்டர்’ என்று பெயர். டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்த நாளிலிருந்து வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. சைக்கிளில் போகிறவர்கள் அவரை முந்தும்போது நின்று குசலம் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகன் டிராக் ரேஸ் ஓட்டினான். நேர்கோடாக ஒரு பாதை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார்கள், பச்சை விளக்கு எரிந்ததும் ஒரே பாய்ச்சல். பார்க்க வந்தவர் தும்மி முடிப்பதற்குள் பந்தயம் முடிந்திருக்கும். ரேஸ் கிளப்பில் அவனை ‘ராக்கெட்’ என்பார்கள். இப்போது ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேசை மேல் படமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

பந்தயப் பாதையில் அவனுக்கு எதுவும் ஆகவில்லை. அப்பாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வீடு திரும்பும்போது நாற்சந்தியில் லாரி மோதியது. அப்பாவும் மகனும் முன் சீட்டில், மருமகள் பின் சீட்டில். அவளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. மாஸ்டருக்கு மறுநாள்தான் மயக்கம் தெளிந்தது. அதற்குள் அவன் போய்விட்டான்.

“ஆஸ்பத்திரி வாசல்ல செருப்பு மாட்டினது வரைக்கும் ஞாபகம் இருக்கு. அப்புறம் எல்லாம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு,” என்றார் மாஸ்டர். “அவன் ஓட்டுற வண்டியில நான் ஏறினதே கிடையாது. அன்னிக்கு எந்தப் புத்தியில ஏறினேனோ!”

“நேரம் மாஸ்டர், நேரம்,” என்றார் பல் டாக்டர். ரிவர்ஸ் எடுக்க மட்டும் மாஸ்டரிடம் ஒரு கோடைக்காலம் முழுக்கப் படித்தவர்.

மாஸ்டர் உடம்போடு சேர்த்துக் கழுத்தைத் திருப்பினார். தேநீர்த் தட்டோடு வந்த மருமகளைப் பார்த்தார்.

“ஏம்மா, நீ பின்னாடிதானே உக்காந்திருந்தே? நீயே சொல்லு. எப்படிப் போனான்?”

அவள் ஒவ்வொரு கோப்பையாக எடுத்து நீட்டினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

“கொஞ்சம் வேகமாத்தான், மாமா.”

“கேட்டுக்குங்க!” தொடையில் தட்டினார் மாஸ்டர். தேநீரை மடமடவென்று குடித்தார். திட்டும்போதுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது, மாத்திரை இறங்கியது. வந்தவர்கள் கிளம்பி, கேட்க ஆளில்லாமல் போய்விட்டால், மகனுடைய ரேஸ் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு துடைத்ததையே துடைத்துக்கொண்டிருப்பார்.

அவள் காலித் தட்டோடு சமையலறைக்குப் போனபோது, பின்வாசலில் மெக்கானிக் நின்றிருந்தான். ராக்கெட்டின் கார் என்ஜினை வேறு யாரையும் தொடவிடாதவன். கையில் துணி சுற்றிய ஒரு பெரிய சட்டம்.

“அண்ணி, கிளப் சுவத்துல இருந்த அண்ணன் படத்தைக் கழட்டிட்டாங்க. ஊர் ரோட்டுல கண்ணுமண்ணு தெரியாம ஓட்டினவருக்கு அங்க இடமில்லையாம். அவர் பேருல நடத்துறதா இருந்த ரேஸும் இல்லையாம்.”

அவள் துணியை விலக்கிப் பார்த்தாள். பிறகு சட்டத்தை அலமாரிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

“இங்க இருக்கட்டும்.”

“அவ்வளவுதானா?” மெக்கானிக்கின் குரல் உயர்ந்தது. “அண்ணன் ரோட்டுல எப்படி ஓட்டுவார்னு எனக்குத் தெரியாதா? பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சே கை ஓஞ்சு போவான். ‘வேகத்துக்கு வேற இடம் இருக்குடா’ன்னு என்னையே ஸ்கூட்டர்ல மெதுவா போகச் சொல்ற மனுஷன். உள்ள ஆளாளுக்கு அவரைக் கரிச்சுக் கொட்டுறாங்க. நீங்களும் ஆமாம் போடுறீங்க!”

அவள் குழாயைத் திறந்து கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள்.

“நீங்க சொல்ல வேணாம் அண்ணி. நான் போய்ச் சொல்றேன். மாஸ்டர் முகத்துக்கு நேரா சொல்றேன்.”

அவன் இரண்டடி வைப்பதற்குள் ஈரக்கையோடு வந்து வழியை மறித்து நின்றாள்.

கூடத்தில் மாஸ்டரின் குரல் கேட்டது. “சின்னதுலயே அப்படித்தான். நடக்கவே மாட்டான், ஓடுவான். விழுவான், எழுந்து மறுபடியும்...” குரல் கம்மியது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு, “தறுதலை! ஒரு பேச்சுக் கேட்டிருப்பானா?” என்று பழைய கணீர்க் குரல் திரும்பி வந்தது.

அவள் மூச்சு விட்டாள்.

“ஆம்புலன்ஸ்ல உங்க அண்ணனுக்கு நினைவு இருந்துச்சு,” என்றாள் மெதுவாக. “ஒரு தடவை பேசினார்.”

மெக்கானிக் தொப்பியைக் கழற்றினான். “என்ன சொன்னார் அண்ணி?”

“‘வண்டிய நான்தான் ஓட்டினேன்னு அப்பாகிட்ட சொல்லிடு.’”