விருந்தாளிக்கு வாங்கினது

கதவிடுக்கு வழியாக அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் அவள் புருஷன் நுனிக்காலில் எக்கி நின்று, மேல்தட்டுத் தகர டப்பாவுக்குள் கையை விட்டார். எடுத்தது ஒரு சாக்லேட் பார். அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி முன்னறைத் தையல் மிஷினுக்குத் திரும்பிவிட்டார்.

பக்கத்தில் நின்ற தங்கைக்குப் பகீரென்றது. பாவம், இரண்டு நாள் தங்கிப் போகலாம் என்று காலையில்தான் வந்திருந்தாள்.

"அக்கா! மாமாவுக்குக் கோதுமை துளி பட்டாலும் குடல் புண்ணாகும்னு டாக்டர் தலைதலையா அடிச்சுக்கிட்டாரே! அந்த சாக்லேட்டுக்குள்ள இருக்கிறதே கோதுமை பிஸ்கட்டுதானே? போன வருஷம் எட்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தது மறந்துபோச்சா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிப்பா வருது உனக்கு? கட்டின புருஷன் விஷத்தை எடுத்துட்டுப் போறாரு, நின்னு வேடிக்கை பாக்கறியே, அடிப்பாவி!"

"கத்தாதேடி, மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டுடும். வா இங்கே."

படுக்கையறை அலமாரியில், புடவைகளுக்குப் பின்னால் ஒரு மளிகைக் கடையே இருந்தது. அரிசிப்பொரி, வேர்க்கடலை, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம், சர்க்கரை சேர்க்காத கறுப்பு சாக்லேட் கட்டி. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அக்கா தலைமுடியை நேராக்குகிற ஸ்ட்ரெய்ட்னர்.

"எல்லாம் நம்ம கைவேலை. பழத்தையும் கடலையையும் அரைச்சு, பொரியைக் கலந்து, அச்சுல அழுத்தி, உருக்கின சாக்லேட்டை மேல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சா முடிஞ்சுது. ஒரு பொட்டுக் கோதுமை கிடையாது. கடை உறையில போட்டு, ஓரத்தை இந்த ஸ்ட்ரெய்ட்னரைச் சூடாக்கி ஒரு அழுத்து அழுத்தினா ஒட்டிக்கும்."

தங்கை ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தாள். அசந்துபோனாள். "கடைக்காரன் தோத்தான் போ! இதை நேரா தட்டுல வச்சுக் குடுத்தா என்னவாம்?"

"குடுக்காமலா இருந்தேன்? ஆளிவிதை, கீரைப்பொடி, வெந்தயம்னு உடம்புக்கு நல்லதா பார்த்துப் பார்த்துப் போட்டுக் குடுத்தேன். சாணி உருண்டைன்னுட்டாரு மனுஷன். அதான், 'விருந்தாளிக்கு வாங்கினது, யாரும் தொடக்கூடாது'ன்னு சொல்லி டப்பாவுல இதை வச்சேன். மறுநாளே ஒண்ணைக் காணோம்! நாலு மாசமா இதே கூத்துதான். அச்சு அசலா கடை ருசி வரணுமேன்னு பதினோரு தடவை பண்ணிப் பண்ணிக் கொட்டியிருக்கேன், தெரியுமா?"

"சரி, இத்தனை உறைக்கு எங்கே போறே?"

"முதல்ல ஆபீஸ்ல தின்னவங்ககிட்ட எல்லாம் கையேந்தினேன். இப்ப அந்த மானக்கேடு இல்ல. தின்னு முடிச்சதும் உறையைக் கிழியாம, சுருக்கமில்லாம நீவி, பழைய பேப்பர் கட்டு மேலயே வச்சுட்டுப் போயிடறாரு. நான் துடைச்சு எடுத்துக்கறேன். தையல்காரர் கையில்ல? எதைத் தொட்டாலும் நீவித்தான் வைக்கும். திருடத் தெரியுது, தடயத்தை மறைக்கத் தெரியலை!"

புருஷனை ஏமாற்றுவதில் அப்படி என்னதான் சுகமோ, அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் தங்கை சிரிக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு யோசிச்சியா? இத்தனை நாள் தின்னும் நமக்கு ஒண்ணும் ஆகலையே, கோதுமை ஒத்துக்கிச்சு போலன்னு மாமா நெனச்சுட்டா? நாளைக்கு நிஜமாவே கடையில வாங்கித் தின்னா?"

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. இத்தனை மாதத்தில் இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஐயையோ! அந்த எட்டு நாளும் ஆஸ்பத்திரி பெஞ்சில நான் எப்படி உக்காந்திருந்தேன்னு எனக்குத்தாண்டி தெரியும். இன்னொரு தடவை என்னால முடியாது. நீயே போய் உள்ளதைச் சொல்லிடு. எனக்கு அவர் மூஞ்சியைப் பார்க்கவே பயமா இருக்கு."

முன்னறையில் மாமா மிஷினை நிறுத்திவிட்டு, கடைசித் துண்டைக் கண்ணை மூடி ரசித்து மென்றுகொண்டிருந்தார். மடியில் கிடந்த உறையைப் பெருவிரல் தன்பாட்டுக்கு நீவிக்கொண்டிருந்தது. தங்கை அவர் எதிரே போய் நின்றாள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. அது கடைச் சாக்லேட் இல்ல. அக்கா பண்ணது. நாலு மாசமா உங்களை ஏமாத்திக்கிட்டிருக்கா. இதை நம்பி வெளியில எங்கயும் நிஜத்தை வாங்கித் தின்னுடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மாமா கோபப்படவில்லை. எழுந்து போய், அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தார்.

"ஆஸ்பத்திரியில பட்டது போதாதாம்மா? கோதுமை இருக்கிற பக்கம் தலைவச்சாவது படுப்பேனா? முதல் நாளே உங்கக்கா முடியில சாக்லேட் வாசனை கமகமன்னு அடிச்சுது. அதுக்கப்புறம்தான் டப்பாவையே தொட்டேன்."

"எல்லாம் தெரிஞ்சுமா மாமா திருடித் திங்கறீங்க? கேட்டா அவளே ஆசையா குடுப்பாளே!"

மாமா கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, நாளையிலேருந்து இதுலயும் உடம்புக்கு நல்லதைப் போட ஆரம்பிச்சுடுவாளே!"