வானவில் வாக்கு

"கடலுக்குச் சுவரெல்லாம் வேணாம் லோசா. இனிமே வெள்ளத்தால அழிக்கமாட்டேன்னு ஆண்டவரே நோவாவுக்கு வானவில்லைக் காட்டி வாக்குக் குடுத்திருக்காரு. சுவர் கட்டுனா அவரை நம்பலைன்னு ஆயிடும்" என்றார் அமைச்சர் பெனிதாலா.

"என் புள்ளையோட கல்லறையில பாதியை அலை தின்னுடுச்சுண்ணே."

"ஜெபம் பண்ணு தங்கச்சி. விசுவாசம் வேணும்."

லோசா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் வீட்டிலிருந்து வெளியே வந்தாள்; வழியனுப்ப அமைச்சரும் வாசல்வரை வந்தார். எங்கள் தீவில் செத்தவர்களை அவரவர் வீட்டு முற்றத்தில்தான் புதைப்போம். அமைச்சர் வீட்டு முற்றத்திலோ மணலைத் தோண்டி மூடிய தடம் மட்டும்தான் இருந்தது.

"அண்ணே, உங்கம்மா கல்லறை எங்கே?"

அமைச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"போன வாரம் ஃபிஜிக்குக் கொண்டுபோயிட்டோம். மலைமேல நல்ல இடம்."