ஆளில்லாத முகப்பு

வலையபட்டியில் ஒரு பூட்டிக் கிடந்த வீட்டில் எடுத்த வெப் சீரிஸுக்கு, ஐந்தாம் எபிசோடோடு மங்களம் பாடிவிட முடிவெடுத்திருந்தாள் இயக்குநர் நாச்சியார். பார்க்க ஆளில்லை. கதாநாயகி கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறாள், ஆளில்லாத முகப்பு தெரிகிறது, அவ்வளவுதான் கதை.

எடிட்டர் அய்யப்பன் கூப்பிட்டான். “அக்கா, இங்குட்டு வந்து பாருங்க.”

பேச்சைக் கேட்டுத் தானாகவே சப்டைட்டில் போடும் மென்பொருள், சத்தமே இல்லாத அந்தக் கடைசிக் காட்சியில் ஒரு வரி போட்டிருந்தது.

“அந்தப் பிள்ளை எப்பத் திரும்பி வரும்?”

அழித்தான். வேறு வரி வந்தது.

“கதவைத் திறந்தே வச்சிருக்கோம்.”

நாச்சியார், “ஹீரோயினுக்குப் போன் போடுடா. அவளைத் திரும்பக் கூட்டியாரணும்” என்று சொல்லிவிட்டு ஆறாம் எபிசோடை எழுத உட்கார்ந்தாள்.

படப்பிடிப்பன்று வீட்டுச் சாவி நாச்சியாரின் பையில்தான் இருந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. வாசல் தெளித்து, ஈரம் காயாமல் கோலம் போட்டிருந்தது.